ஷாம்பூ போட வந்த கள்ளி

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் முதன்முதலாக அந்த முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்தபோது அவர் தலையில் ஒரு முடிகூட இல்லை. இரண்டு கைகளாலும் ஒரு பெரிய மண் தொட்டியை அணைத்துப் பிடித்திருந்தார். அதில் மூன்று வயதுக் குழந்தை உயரத்துக்கு ஏதோ நின்றது. அதன்மேல் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தியிருந்தார். முதல்நாள் போன் செய்து ஷாம்பூவுக்கு நேரம் கேட்டவர் இவர்தான் என்று புரியக் கடைக்காரிக்குச் சற்று நேரம் பிடித்தது.

"உங்களுக்கா சார்?" என்றாள். கேட்ட பிறகுதான் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"எனக்கில்ல" என்று சொல்லி அவர் விரிப்பை எடுத்தார்.

உள்ளே இருந்தது ஒரு கள்ளிச்செடி. கிளை எதுவும் விடாமல் தூண் மாதிரி நேராக வளர்ந்திருந்தது. உச்சியிலிருந்து அடிவரை அதன் உடம்பு முழுக்க நீளநீளமாக முடி. மனித முடி மாதிரியேதான். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய அது சாம்பல் நிறத்தில் திரிதிரியாகத் தொங்கியது. ரொம்ப நாளாகக் குளிக்காத ஒரு கிழவர் யார்மேலோ கோபித்துக்கொண்டு திரும்பி நிற்கிறார் என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். அதற்கு லத்தீனில் ஒரு பெயர் இருந்தது. இன்ஸ்பெக்டர் அதை ஒருமுறை சொன்னார். கடைக்காரியின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுமுறை சொல்லவில்லை.

விஷயம் இதுதான். அவருடைய வீட்டு பால்கனிக்கு எதிரே பஸ் டிப்போ. காலையும் மாலையும் வண்டிகள் கிளம்பும்போது விடுகிற புகையெல்லாம் நேராக வந்து இதன் முடியில் படிந்துவிடுகிறது. கள்ளி வளர்ப்பவர்களின் சங்கம் ஒன்று ஊரில் இருந்தது. அவர்களுடைய கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து ஒவ்வொரு திரியாகக் கழுவிப் பார்த்தார். அடிக்கு வருவதற்குள் உச்சி மறுபடி கறுத்துவிட்டது.

கடை சின்னது. இரண்டு நாற்காலி, தலை கழுவும் தொட்டி ஒன்று, துண்டு சூடாக்கும் பெட்டி, பின்னால் ஜன்னல் வைத்த ஓர் அறை. வாசல் பக்கத்து நாற்காலி கடைக்காரியுடையது. உள்பக்கத்து நாற்காலியில் வேலை செய்தவள் அவளுடைய நாத்தனார், அதாவது புருஷனின் அக்கா. கடைக்காரி அவளை அண்ணி என்று கூப்பிட, வாடிக்கைக்காரர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, தெருவுக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். பல் போன கிழவர்கள்கூட, "அண்ணி, காதுகிட்ட பாத்து" என்பார்கள். அண்ணிக்கு ஐம்பதை நெருங்கும் வயது. அவளுக்கும் கல்யாணம் ஒன்று நடந்தது. பிறகு அது தானாகவே நடந்து எங்கோ போய்விட்டது. அதைப் பற்றி அவள் சொன்னது அவ்வளவுதான். அவள் கையில் கத்தரிக்கோல் இருக்கும்போது யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை.

செடிக்கெல்லாம் இங்கே செய்வதில்லை என்று பதமாகச் சொல்லக் கடைக்காரி வாயெடுத்தாள். அதற்குள் அண்ணி எழுந்து வந்து தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒரு திரியை விரல்களால் பிரித்து முகர்ந்து பார்த்தாள்.

"எண்ணெய்ப் பிசுக்கு இல்ல. வெறும் புகைதான். ரெண்டு தடவை போட்டா போயிடும்."

"முடிக்கு அடியில முள்ளு இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வர்ற எல்லாருக்கும் இருக்கு சார்" என்றாள் அண்ணி. "நாற்காலில வைங்க."

வேலை என்று வந்துவிட்டால் அண்ணி ஆள் பார்க்க மாட்டாள். மற்றவர்களுக்கு என்னென்ன செய்வாளோ அத்தனையும் கள்ளிக்கும் செய்தாள். மண்ணில் தண்ணீர் விழாமல் தொட்டியின் வாயைப் பிளாஸ்டிக் துணியால் மூடிக் கட்டினாள். கழுத்தில் வழியாமல் இருக்க வாடிக்கைக்காரர்களின் சட்டைக் காலருக்குள் பஞ்சுப் பட்டை ஒன்றைச் செருகுவாள். அதேபோல் செடியின் அடியைச் சுற்றிலும் ஒரு பட்டையைச் செருகினாள். தண்ணீரின் சூட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள். குழந்தைகளுக்கான ஷாம்பூவைக் கலக்கி உச்சியிலிருந்து ஆரம்பித்தாள். கையுறையையும் தாண்டி முள் குத்தியது. வழிந்த தண்ணீர் முதலில் கறுப்பாகவும் பிறகு டீ நிறத்திலும் கடைசியில் தெளிவாகவும் வந்தது. குளிர்ந்த காற்று வைத்து டிரையரால் உலர்த்தி, நெருக்கமான சீப்பை எடுத்து அடியிலிருந்து மேலாகச் சிக்கெடுத்தாள். தன் முறைக்குக் காத்திருந்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்து, இவருக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் கேட்டார்.

முடிந்தபோது நாற்காலியில் இருந்தது வேறு ஆள். மருந்து விளம்பரத்தில் வரும் பணக்காரத் தாத்தாக்களுக்குத்தான் அப்படி ஒரு வெள்ளை வாய்க்கும். இன்ஸ்பெக்டர் கண்ணாடியில் தெரிந்ததை ஒரு தடவையும், நேரில் ஒரு தடவையும் பார்த்தார். விதையிலிருந்து இருபது வருஷத்துக்கு மேலாக வளர்க்கிறாராம். ஒரு பாக்கெட் விதையில் நிறைய முளைத்து, ஒவ்வொன்றாகப் போய், மிஞ்சியது இது ஒன்று.

"இவ்வளவு வெள்ளைன்னு எனக்கே தெரியாது" என்றார்.

கண்காட்சியில் அதற்குத் தூண் கள்ளி வகையில் முதல் பரிசு கிடைத்தது. அதைச் சொல்வதற்காக அவர் மறுபடி கடைக்கு வந்தார். சொல்லி முடித்த பிறகும் போகாமல் நின்றார். பிறகு அண்ணியின் நாற்காலியில் உட்கார்ந்து, ஷேவிங் என்றார். அன்று காலையில்தான் அவர் சவரம் செய்திருக்கிறார் என்பது நுரை தடவும்போதே அண்ணியின் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் முழுசாகச் செய்துவிட்டாள். சுடுதுண்டும் போட்டாள்.

அண்ணியின் தம்பி, அதாவது கடைக்காரியின் புருஷன், பஸ் டிரைவர். அந்த டிப்போவில்தான் வேலை. கள்ளியின் கதையைக் கேட்டதும் அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, எங்க பஸ் எதுவும் புகை விடுவதில்லை என்றான். நிர்வாகம் அப்படித்தான் சொல்லியிருக்கிறதாம்.

மழையும் குளிருமாக ஒரு பருவம் வந்து, இன்ஸ்பெக்டர் கண்ணில் படாமல் போனார். பின்பு ஒரு முற்பகலில் பழையபடி விரிப்பு போர்த்திய தொட்டியோடு வந்தார். செடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அடி முடி பழுப்பாகியிருக்கிறது, மறுபடி புகைதான் என்று நினைக்கிறேன், கழுவினால் சரியாகிவிடும் என்றார். அதைச் சொன்ன குரலிலேயே அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது.

அண்ணி குனிந்து அடி முடியை வகிடெடுத்தாள். தோலைத் தொட்டாள். விரல் உள்ளே போயிற்று. இன்னும் கொஞ்சம் விலக்கியபோது முடிக்கு அடியில் ஈரமாக, பழுப்பாக ஏதோ சுற்றியிருந்தது. மெல்லப் பிடித்து இழுத்தாள். நாடா மாதிரி முழுசாக வந்தது. பஞ்சுப் பட்டை.

கடைக்காரி டிரையரை நிறுத்தினாள்.

"இது என்னோடது" என்றாள் அண்ணி.

இன்ஸ்பெக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கழுத்துல தண்ணி இறங்கக் கூடாதுன்னு வெச்சிருப்பீங்க."

"எல்லாருக்கும் வெப்பேன். எல்லாருக்கும் எடுத்துடுவேன்."

மழைக்காலம் முழுக்க அந்தப் பஞ்சு ஈரத்தைக் குடித்துக்கொண்டு அங்கேயே இருந்திருக்கிறது. வெளியே பார்த்தால் தெரியாதபடி முடி மூடிவிட்டது. அண்ணி இந்தத் தொழிலுக்கு வந்து ஒரே ஒருவருக்குத்தான் காதில் கீறல் விழுந்திருக்கிறது. அதுவும் அந்த ஆள் தும்மியதால். பஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, திட்டுவதாக இருந்தால் திட்டிவிடுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன் என்றாள். திட்டினால் அழுகல் நிற்காது என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. லிஃப்டில் எந்தக் கம்பி தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

பிறகு, செய்ய வேண்டியது என்ன என்பதை விளக்கினார். அழுகல் நடுத்தண்டு வழியாக மேலே ஏறும். அது எட்டாத இடம் பார்த்துக் குறுக்கே வெட்ட வேண்டும். மேல்துண்டை வாரக்கணக்கில் காயவிட்டால் வெட்டுவாயில் பொருக்கு கட்டும். அதற்கப்புறம் உலர்ந்த சரளையில் நிற்க வைத்தால் வேர் விடலாம். மற்றக் கள்ளிகள் விட்டுவிடும். இந்த வகை மட்டும் லேசில் விடாது. அதனால்தான் எல்லாரும் விதை போட்டு வளர்க்கிறார்கள்.

கடைக்காரி வாசலில் 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பி மாட்டிவிட்டு, மாடியில் இருந்த தன் வீட்டிலிருந்து ரொட்டி வெட்டும் நீளக் கத்தியைக் கொண்டுவந்தாள். அண்ணி அதை ஸ்பிரிட்டில் துடைத்தாள். இன்ஸ்பெக்டர் வாங்கி, செடியின் இடுப்பளவில் வைத்தார். பத்து மாடிக்கு மேலே அந்தரத்தில் நின்றுகொண்டு இரும்புக் கயிறுகளைத் தட்டிப் பார்க்கிற மனுஷர். கத்தி அவர் கையில் அசையவில்லை. அசையாமல் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கைப்பிடிப் பக்கத்தை அண்ணியிடம் நீட்டினார்.

"எங்க?" என்றாள்.

அவர் விரலால் காட்டினார். அண்ணி இடது கையில் துண்டைச் சுற்றிச் செடியைப் பிடித்துக்கொண்டு ஒரே சீராக அறுத்தாள். வெட்டுவாயின் நடுவில் செம்பு நிறத்தில் ஒரு கறை இருந்தது.

"இன்னும் மேல" என்றார்.

கத்தியைத் துடைத்துவிட்டு மேலே வட்டமாக இன்னொரு வில்லை அறுத்தெடுத்தாள். கறை கொஞ்சம் சிறுத்திருந்தது. கீழே விழுந்த வில்லையை இன்ஸ்பெக்டர் எடுத்து மேசையில் வைத்தார். அடிப்பாகம்தான் பழசு, உச்சி புதுசு என்று சொன்னார். யாரும் கேட்காமலே, தான் இன்ஸ்பெக்டரான வருஷம் வளர்ந்தது இது என்றார். அடுத்த வில்லை வந்தது. அம்மா போன வருஷம் என்றார். அதற்கடுத்தது வீடு மாறி டிப்போவுக்கு எதிரே வந்த வருஷம். ஒவ்வொரு வெட்டுக்கும் அண்ணி கத்தியைத் துடைத்தாள். கறை ஒரு பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி மேலே போய்க்கொண்டே இருந்தது. "இன்னும்" என்று சொல்லும் குரல் தணிந்துகொண்டே வந்தது. கடைசியில் அவர் சொல்வதை நிறுத்திவிட்டுத் தலையை மட்டும் அசைத்தார்.

சுத்தமான சதை வந்தபோது மிஞ்சியது சாண் உயரத் தலை. அவர் தன்னுடைய டார்ச்சை அடித்து வெட்டுவாயை ஓரம் ஓரமாகப் பார்த்துவிட்டு, போதும் என்றார். ஓரத்தைச் சரிவாகச் சீவிவிட்டால்தான் காயும்போது உள்ளே குழியாமல் இருக்கும் என்று சொன்னார். அண்ணி சவரக் கத்தியால் கிருதா ஒதுக்குகிற மாதிரி சுற்றிலும் சீவிவிட்டாள். மறுபடி அழுகாமலிருக்க, அவர் கொண்டுவந்திருந்த கந்தகப் பொடியைத் தடவினார்கள். அவர் வீட்டில் அந்தப் பருவத்துக்குச் சுவரே வியர்க்கும். கடையில் துண்டுப் பெட்டிக்கு மேலே இருக்கும் அலமாரித் தட்டு எப்போதும் உலர்ந்து இதமான சூட்டில் இருக்கும். எனவே தலை அங்கேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

அவர் போன பிறகு அண்ணி வெட்டிய வில்லைகளைப் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டாள். போட்டுவிட்டு நாற்காலிகளைத் துடைத்தாள், தரையைத் துடைத்தாள். திரும்பி வந்து பேப்பரைப் பிரித்து, கடைசியாக வெட்டின துண்டை மட்டும் எடுத்தாள். காப்பிக் குவளை அளவுக்கு இருந்தது. கறை ஓரமாக மட்டும்தான் இருந்தது. உருளைக்கிழங்கில் அழுகலைத் தோண்டுவதுபோல அதைத் தோண்டி எடுத்துவிட்டு, மிச்சமிருந்த கந்தகத்தைத் தடவிப் பின்னறை ஜன்னலில் வைத்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. பக்கம் ஒன்று குழிந்து, முடி பாதி போய், அடிபட்டவன் மாதிரி இருந்தது. இன்ஸ்பெக்டரிடம் அவள் சொல்லவில்லை. ஒரே ஆளை இரண்டு தடவை ஏமாற்ற அவளுக்கு மனமில்லை.

அதற்குப் பிறகு அவர் புதன்கிழமைதோறும் வந்தார். வந்ததும் தட்டின் முன்னால் நிற்பார். தொட மாட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஷேவிங் என்பார். தலையில் செய்வதற்கு ஒன்றும் இல்லாத மனிதர் அடிக்கடி வந்து உட்கார வேறு வழி இல்லை. மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. அறுந்து விழுகிற லிஃப்ட் சினிமாவில்தான் உண்டு, நிஜத்தில் அது நடுவில் நின்றுகொண்டு மனிதர்களின் பொறுமையைத்தான் அறுக்கும் என்றார் அவர். எந்த வாடிக்கைக்காரர் பெண்டாட்டிக்குத் தெரியாமல் சாயம் போடுகிறார் என்பதை, ஆளைச் சொல்லாமல் தொழிலை மட்டும் சொல்லி விவரித்தாள் அண்ணி. ஓய்வுபெற்ற நீதிபதி பேப்பரை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

சரளை நிரப்பிய சின்னத் தொட்டியில் நின்ற தலையைப் புதிதாக வருகிறவர்கள் விக் என்று நினைத்து விசாரித்தார்கள். ஒருவர் போட்டுப் பார்க்கவும் கை நீட்டினார். முள் குத்தியதும் வேறு கடைக்குப் போய்விட்டார். தெருவில் எல்லாரும் அண்ணி என்றார்கள், இன்ஸ்பெக்டர் மட்டும் அவளை எப்படியும் கூப்பிடவில்லை. தொண்டையைச் செருமுவார், அவள் திரும்புவாள், விஷயத்தைச் சொல்வார்.

"புதன்கிழமைன்னா அண்ணி புதுத் துண்டு எடுக்கறாங்க" என்று கடைக்காரி வீட்டில் சொன்னாள்.

"துண்டுதானே" என்றான் அவள் புருஷன். பின்னறை ஜன்னலில் இருந்த துண்டுக் கள்ளியின்மேல் அவன் ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை வைத்து, பிறகு உள்ளங்கையில் முள் எடுக்க அக்காவிடம் வந்து நின்றிருக்கிறான். இந்த விஷயத்தில் அதிகம் பேசுவதில்லை என்று தீர்மானித்திருந்தான்.

குளிர் போய் வெயில் வந்தது. ஒருநாள் தட்டைத் துடைப்பதற்காக அண்ணி தலையைச் சரளையிலிருந்து தூக்கினாள். கை தானாக மேலே போயிற்று. அவ்வளவு லேசாக இருந்தது. காதருகே வைத்து அசைத்தாள். தீப்பெட்டிக்குள் நாலைந்து குச்சி மிஞ்சியிருந்தால் கேட்கிற சத்தம். உள்ளே எல்லாம் காய்ந்துபோய் எத்தனை நாளாயிற்றோ. முடி மட்டும் அதே வெள்ளையில், அதே அடர்த்தியில் இருந்தது. உயிரோடு இருந்தபோது எப்படியோ அப்படியே.

அண்ணி கடைக்காரியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஒரு சின்னப் பெண்ணுக்கு முன்முடியை நேராக வெட்டுவதில் மும்முரமாக இருந்தாள். அண்ணி தட்டைத் துடைத்தாள். தலையைப் பழைய இடத்தில் நட்டாள். சீப்பை எடுத்து முடியைச் சீவிவிட்டாள். மறுநாள் புதன்கிழமை.

அவர் வந்தார், தட்டின் முன்னால் நின்றார், உட்கார்ந்தார். அவள் சொல்லவில்லை. அடுத்த புதனும் சொல்லவில்லை. தலைக்காகத்தான் வருகிறார், தலை போய்விட்டது என்றால் எதற்கு வருவார் என்பதை அவள் வாய்விட்டு யோசிக்காவிட்டாலும், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை சாயங்காலமும் அந்தப் பிணத்தைச் சீவி வைத்தாள். வேர் விட்டிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கலாமா என்று ஒருமுறை அவரே கேட்டார். அவசரப்படாதீர்கள் என்றாள். சரி என்றார் உடனே. எதையும் மூன்று தடவை சரிபார்த்துவிட்டு ஒப்புக்கொள்கிறவர் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

இப்படி ஒரு கோடை போயிற்று. ஒரு காலை பின்னறையைப் பெருக்கும்போது, ஜன்னலில் இருந்த கள்ளித் துண்டின் விளிம்பில் இரண்டு இடத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள் அண்ணி. பஞ்சு என்றாலே அவளுக்கு இப்போதெல்லாம் ஆகாது. பிய்த்துப் போடப் பார்த்தாள். வரவில்லை. விரலில் சுருக்கென்று குத்தியது. குனிந்து பார்த்தால், கொண்டைக்கடலை அளவில் இரண்டு பச்சை முடிச்சு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கொத்து வெள்ளை முடி.

அண்ணி துடைப்பத்தைச் சாத்திவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். இதைக் காட்ட வேண்டும். இதைக் காட்டினால் அதையும் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை அவர் வழக்கம்போல உட்கார்ந்தார். அண்ணி நுரை தடவவில்லை.

"சார், தலை போயிடுச்சு."

"தெரியும்" என்றார் அவர் கண்ணாடியைப் பார்த்தபடி.

"எப்பலேருந்து?"

"குளிர் முடியறதுக்கு முன்னாடியே. நீங்க துண்டு எடுக்க உள்ள போனப்ப தூக்கிப் பாத்தேன். எனக்கு எடை தெரியும்."

அவளுக்குத் தெரிவதற்கும் முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணி அவருடைய நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். இருவரும் கண்ணாடியில்தான் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

இன்ஸ்பெக்டர் சான்றிதழ் எழுதப் போகிறவர்போல யோசித்தார்.

"ஷேவிங்குக்கு" என்றார்.

வாசல் நாற்காலிப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம் நின்றுபோயிருந்தது. அண்ணி அவரைப் பின்னறைக்கு வரச் சொன்னாள். கழுத்தில் கட்டிய துணியோடு அவர் போனார். ஜன்னல் முன்னால் மண்டியிட்டு, டார்ச்சை எடுத்து, துண்டை நான்கு பக்கமும் பார்த்தார். குட்டிகளை வெகு நேரம் பார்த்தார். உச்சி போய்விட்டால் உடம்பில் முளைவிடக்கூடிய கண்கள் முழித்துக்கொள்ளும், ஆனால் இந்த வகையில் இப்படி வந்து நான் பார்த்ததில்லை என்றார். டார்ச்சை அணைத்துவிட்டு, மறுபடி அடித்துப் பார்த்தார்.

"இது எந்த வருஷத்துத் துண்டு?" என்று அண்ணி கேட்டாள்.

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். "ஒண்ணும் நடக்காத வருஷம்" என்றார்.

குட்டிகளை உடனே பிரிக்கக் கூடாது, நன்றாகத் தேறும்வரை தாய்த்துண்டிலேயே விட்டுவைக்க வேண்டும், வருஷக்கணக்கில் ஆகும் என்று அவர் விளக்கினார். ஆகட்டும் என்றாள் அண்ணி. முன்பக்கம் வந்து, விட்ட இடத்திலிருந்து நுரை தடவினாள். செத்த தலையை அன்றே எடுத்துவிட்டார்கள். அதைக் குப்பையில் போட இருவருக்கும் மனம் வரவில்லை, கடைக்காரிதான் போட்டாள்.

அதற்கடுத்த மாதம் ஒரு புதன்கிழமை, முகத்தில் சுடுதுண்டு போட்டிருந்தபோது, இன்ஸ்பெக்டர் துண்டுக்கு அடியிலிருந்து பேசினார்.

"நான் உங்கள அண்ணின்னு கூப்பிட முடியாது."

"யாரு கூப்பிடச் சொன்னா?"

"வேற என்னன்னு கூப்பிடறது?"

அண்ணி தன் பெயரைச் சொன்னாள். கடைக்காரிக்கு அந்தப் பெயர் அரைகுறையாகத்தான் ஞாபகம் இருந்தது. மணமாகி வந்த புதிதில் ஒரே ஒரு தடவை கேட்டது. துண்டுக்கு அடியிலிருந்த மனிதர் அதைத் திருப்பி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். உச்சரிப்பு சரிதானா என்று கேட்டார். சரி என்றாள்.

கடைக்கு விடுமுறையான ஒரு நாளில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. தம்பி சாட்சிக் கையெழுத்துப் போட்டான். போடுவதற்கு முன்னால் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, நல்லா யோசிச்சியா என்று கேட்டான்; கேட்க வேண்டியது தன் கடமை என்று நினைத்திருந்தான். அவரோட வீடு டிப்போவுக்கு எதிர்ல, துணி காயப்போட முடியாது, அது ஒண்ணுதான் யோசனையா இருக்கு என்றாள் அக்கா. அவன் மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டான்.

அண்ணி அவருடைய வீட்டுக்குப் போனாள், செடி போகவில்லை. அங்கே புகை, இங்கே உலர்ந்த ஜன்னல். அதனால் இன்ஸ்பெக்டர் புதன்கிழமை கடைக்கு வருவது நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வீட்டிலேயே பார்க்கப் போகிற பெண்டாட்டியிடம் நாற்காலியில் உட்கார்ந்து சவரம் செய்துகொள்வது எதற்கு என்று கடைக்காரி ஒருநாள் கேட்டே விட்டாள். வீட்டில் இந்த நாற்காலி இல்லையே என்றார் அவர்.

குட்டிகள் மெதுவாக வளர்ந்தன. பெரியது எலுமிச்சம்பழத்தைத் தாண்டியதும் அண்ணி அதைச் சவரக் கத்தியால் அடியோடு எடுத்தாள். காயவைத்து, சரளையில் நிறுத்தி, தண்ணீர் காட்டாமல் விட்டார்கள். சில வாரம் கழித்து அவள் லேசாக இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அவரைக் கூப்பிட்டு இழுத்துப் பார்க்கச் சொன்னாள். அவருக்கும் வரவில்லை. இரண்டு பேரும் மாறி மாறி இழுத்ததில் அது பிடுங்கிக்கொண்டு வந்துவிடுமோ என்று கடைக்காரிதான் வந்து தொட்டியை வாங்கி வைத்தாள்.

இந்த வகையை வெட்டி வளர்த்தவர்கள் யாரும் இல்லை என்பதால், கள்ளிச் சங்கத்தில் அதைப் பற்றிப் பேசும்படி இன்ஸ்பெக்டரைக் கேட்டார்கள். எனக்கொன்றும் தெரியாது, செய்தது இவள்தான் என்று அவர் அண்ணியை அழைத்துக்கொண்டு போனார். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூட்டம். சின்ன பெஞ்சுகளில் பெரிய மனிதர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி குட்டி இருந்த தொட்டியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"அழுகினத தோண்டிட்டு ஜன்னல்ல வெச்சேன். அப்புறம் கவனிக்கல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு கேள்விகள் வந்தன. ஜன்னல் எந்தத் திசை, மண்ணில் என்ன கலவை, கந்தகம் எந்தத் தரம், எவ்வளவு காலம் கவனிக்காமல் இருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு அண்ணி நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். வேறு எதையாவது பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்வரை என்றாள். முன் பெஞ்சில் இருந்தவர் அதைக் குறித்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஓர் இடம்தான் காலியாக இருந்தது. தொட்டியோடு அவளை உட்கார வைத்துவிட்டு, இன்ஸ்பெக்டர் பக்கத்துக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார்.